கட்சி மாறினேன்

நேயர்களே, ஒரு விஷயத்தை உங்களிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். டென்னிஸ் ஆட்டம் பார்க்கும்போது நான் ஒருநாளும் நடுநிலைமை வகித்ததில்லை. எந்த இரண்டு பேர் ஆடினாலும் சரி, ஐந்து நிமிஷத்துக்குள் எனக்கு ஒருவர் பேரில் பட்சபாதம் வந்துவிடும். அதுவும் எப்போதும் ஒரே மாதிரி ஆட்டக்காரர் பேரில்தான் வரும். பந்தை ஓங்கி அறைந்து எதிரியைத் திணற அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பதறாமல், அலட்டிக்கொள்ளாமல், வந்த பந்தை வந்தபடி திருப்பி அனுப்பிக்கொண்டே, 'நீயே எப்போதாவது தப்புப் பண்ணுவாய், அதுவரை எனக்கு அவசரமில்லை' என்று ஆடுகிறார்களே, அவர்கள்தான் என் கட்சி.

இதற்குப் பாதிப் பொறுப்பு என் தாத்தாவைச் சேர்ந்தது. அம்மாவைப் பெற்ற தாத்தா. அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் பலரைப் போல அவருக்கும் ராமநாதன் கிருஷ்ணன் என்றால் உயிர். "அடிக்கிறவனா கிருஷ்ணன்? பந்தைத் தடவிக் கொடுக்கிறவனாக்கும்!" என்பார். கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். 1954-ம் வருஷம் விம்பிள்டனில் இளைஞர் சாம்பியன் ஆனார். 1960-லும் 1961-லும் அதே விம்பிள்டனில் பெரியவர்களுக்கான பந்தயத்தில் அரை இறுதி வரை போனார். அவருடைய சர்வீஸில் பயமுறுத்தும் வேகம் கிடையாது. ஆனால் பந்து எங்கே விழ வேண்டும் என்று நினைக்கிறாரோ அங்கே விழும். தேகக்கட்டுக்குப் பேர்போன ராய் எமர்சன் என்ற ஆஸ்திரேலியர் 1961-ல் அவரிடம் ஒரு செட்கூட எடுக்க முடியாமல் தோற்றார். இந்த இடத்துக்கு வந்ததும் தாத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அதற்கு அடுத்த ஆட்டத்தில் ராட் லேவரிடம் கிருஷ்ணன் தோற்ற விவரம் அவர் வாயிலிருந்து வருவதற்கு மட்டும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

மீதிப் பொறுப்பு என்னுடையது. கல்லூரியில் படிக்கும்போது நான் டெனிகாய்ட் ஆடினேன். ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் வீசி, எதிராளி வீசியதை ஒற்றைக் கையால் பிடித்து, பிடித்த வேகத்திலேயே திருப்பி வீசுகிற ஆட்டம். உங்களில் பல பேர் பாவாடை தாவணியிலோ சல்வாரிலோ ஆடியிருப்பீர்கள். மூன்றாம் வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன். எதிரே நின்றவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டல்வாசி. அவள் வீசினால் வளையம் விர்ரென்று காற்றைக் கிழித்துக்கொண்டு வரும். நானோ என் வழக்கப்படி எல்லாவற்றையும் பிடித்துப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவள் தப்புப் பண்ணுவாள் என்று காத்திருந்தேன். காத்திருந்தேன், காத்திருந்தேன், மூன்றாவது செட் 21–17 என்று முடிந்துவிட்டது. கோப்பையை அவள் தூக்கிக்கொண்டு போனாள்.

"என்னடி, தோற்றுவிட்டாயாமே?" என்று கேட்ட அத்தனை பேரிடமும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "அவளுக்குத் தேக பலம். அதற்கு நான் என்ன செய்ய?"

பதினைந்து வருஷங்களுக்கும் மேலாக இந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அது எனக்கே வேதவாக்காக ஆகிவிட்டது. பலம் என்பது பிறவியில் வருவது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நிதானம் என்பது சம்பாதித்துக்கொள்வது. ஆகையால் அதுதான் உயர்ந்தது. இந்தச் சித்தாந்தத்தில் ஓர் ஓட்டை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஆசிரியர், பெண்கள் டென்னிஸைப் பற்றி நம் வாசகிகளுக்குப் புரிகிற மாதிரி ஏதாவது எழுதும்படி சொன்னார். எனக்குப் பரம சந்தோஷம். கிரிஸ் எவர்ட்டைப் பற்றி எழுதி, நிதானத்தின் பெருமையை ஊருக்கு எடுத்துச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், 1985-ம் வருஷம் பாரிஸில் நடந்த பிரெஞ்சுப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா முறத்தில் முருங்கைக் கீரையை வைத்துக்கொண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாருடி அது, வலைகிட்ட ஓடி ஓடி வராளே, அந்தப் பெண்?"

"மார்ட்டினா நவரத்திலோவா, அம்மா."

"நவரத்தினமா? நம்ம ஊர்ப் பேர் மாதிரின்னா இருக்கு!"

"செக்கோஸ்லோவாகியா தேசத்தில் பிறந்தவள். அப்புறம் அமெரிக்கா போய்விட்டாள். என் கட்சி அவள் இல்லை. இந்தப் பக்கம் நிற்கிறாளே, கிரிஸ் எவர்ட், அவள்தான்."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உன் ஆள் பார்க்க அடக்கமா இருக்கா" என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டுக் கீரையில் ஆழ்ந்தாள்.

அம்மா சொன்னது வாஸ்தவம். ஆடுகளத்தில் கிரிஸ் எவர்ட்டின் முகத்தைப் பார்த்து அவர் ஜெயிக்கிறாரா, தோற்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் புளோரிடா ராஜ்யத்தில், ஃபோர்ட் லாடர்டேல் என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தவர். அப்பா ஜிம்மி எவர்ட் அந்த ஊர்ப் பொதுப் பூங்காவில் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். ஐந்து குழந்தைகள், ஐந்து பேரும் ஆடினார்கள். சின்னஞ்சிறு கிரிஸுக்கு மட்டையின் கனம் தாங்கவில்லை. அதனால் இடது பக்கம் வரும் பந்தை இரண்டு கைகளாலும் மட்டையைப் பிடித்து அடித்தாள். ஆரம்பத்தில் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. குழந்தைதானே, பெரியவளானால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார். அது சரியாகவே இல்லை. பிற்காலத்தில் உலகம் முழுவதும் சிறுமிகள் அதைப் பார்த்து அதே மாதிரி அடிக்க ஆரம்பித்தார்கள். பலம் போதாததால் பிறந்த அடி அது என்பதைத் தயவுசெய்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1970-ம் வருஷம், அவருக்கு 15 வயது. வட கரோலினாவில் ஒரு சின்னப் பந்தயம். எதிரே ஆஸ்திரேலியாவின் மார்கரெட் கோர்ட். நல்ல உயரம், நீண்ட கைகள், இரும்புக் குண்டு தூக்கித் தேகத்தை வளர்த்தவர். அந்த வருஷம் உலகத்தின் நான்கு பெரிய பந்தயங்களையும் ஒன்று விடாமல் ஜெயித்துவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறார். அவரை இந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் 7–6, 7–6 என்று தோற்கடித்துவிட்டது! பந்தை அவரைவிட வேகமாக அடித்து அல்ல. அவரைவிட ஒரு தடவை அதிகமாகத் திருப்பி அனுப்பி.

அதற்குப் பிறகு நடந்ததை எண்களில் சொன்னால்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும். 1973 ஆகஸ்டிலிருந்து 1979 மே மாதம் வரை, மண் தரையில் ஆடிய 125 ஆட்டங்களில் தொடர்ந்து ஜெயித்தார். கிட்டத்தட்ட ஆறு வருஷம்! நடுவில் ஒருநாள்கூடத் தலைவலி, மூக்கடைப்பு, ஊர் நினைப்பு வந்திருக்காதா என்று யோசித்துப் பாருங்கள். முதன்முதலாக அவர் ஆடிய 34 பெரிய பந்தயங்களில் ஒன்றில்கூட அரை இறுதிக்கு முன்னால் தோற்கவில்லை. 1974 முதல் 1986 வரை 13 வருஷங்கள், வருஷத்துக்கு ஒரு பெரிய பட்டமாவது வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருந்ததில்லை. நம் வீடுகளில் தினம் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒருநாள் பிரமாதமான கோலம் போடுவது பெரிசல்ல. நாள் தவறாமல் இழை கோணாமல் போடுவது இருக்கிறதே, அதுதான்.

இவ்வளவையும் அம்மாவுக்கு விஸ்தாரமாகச் சொன்னேன். அம்மா ஒரு கொத்துக் கீரையை உருவி முடித்துவிட்டு, படத்தில் மார்ட்டினாவின் கையைக் காட்டிக் கேட்டாள்:

"அது இருக்கட்டும். இந்த நவரத்தினத்துக்குக் கை இப்படி முறுக்கேறியிருக்கே, பிறவியிலேயே அப்படியா?"

"ஆமாம் அம்மா, பிறவியிலேயேதான்" என்றேன்.

சொன்னேனே தவிர, நாக்கு கொஞ்சம் இடறியது. பத்திரிகையில் வேலை பார்க்கிறவளுக்கு இந்த வியாதி உண்டு. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. படத்தை நிறுத்திவிட்டு மார்ட்டினாவின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் என் கட்சிக்கு ஆபத்து வந்தது.

நேயர்களே, மார்ட்டினா நவரத்திலோவா பலசாலியாகப் பிறக்கவில்லை. பிராகா நகரத்தில் 1956-ல் பிறந்தவர். தாய்வழிப் பாட்டி அந்தக் காலத்து டென்னிஸ் ஆட்டக்காரி. முதலில் கற்றுக்கொடுத்தவர் அம்மாவின் இரண்டாவது கணவர். 1973-ல் முதன்முதலாக அமெரிக்காவுக்கு ஆட வந்தபோது, அந்த ஊர்ப் பலகாரங்களை ஒரு கை பார்த்ததில் உடம்பு பெருத்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். (எங்கள் ஜாதியைப் பற்றி நானே சொல்லக்கூடாது. சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.) அந்த வருஷம்தான் ஓஹையோவில் ஆக்ரன் என்ற ஊரில் கிரிஸும் மார்ட்டினாவும் முதல் தடவை மோதினார்கள். கிரிஸ் ஜெயித்தார். அடுத்த தடவையும் கிரிஸ். அதற்கடுத்த தடவையும். ஆரம்ப வருஷங்களில் மார்ட்டினா ஜெயித்த ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1975-ல் நியூயார்க்கில் அரை இறுதியில் கிரிஸிடம் தோற்ற கையோடு, மார்ட்டினா தாய்நாட்டுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்து அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டார். வயது 18. அப்பா அம்மாவை மறுபடி எப்போது பார்ப்போம் என்று தெரியாது. அந்த வயதில் நாமெல்லாம் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் ராத்திரி தலையணையை நனைத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகும் அவர் ஆடினார், 1978-லும் 1979-லும் விம்பிள்டன் பட்டத்தைக்கூட வாங்கினார். ஆனால் கைக்கு வந்த ஆட்டம் சில நாள் வரும், சில நாள் வராது. மனசு உடைந்தால் ஆட்டமும் உடைந்துவிடும். 1981-ல் அமீலியா தீவு என்ற இடத்தில் ஒரு இறுதி ஆட்டம். கிரிஸ் 6–0, 6–0 என்று ஜெயித்தார். ஒரு கேம்கூட இல்லை! தொழிலாக ஆடுகிறவருக்கு அதைவிட அவமானம் கிடையாது.

நான்ஸி லீபர்மன் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரி அந்தச் சமயத்தில்தான் மார்ட்டினாவுக்குச் சிநேகிதி ஆனார். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு பாதி உழைப்புத்தான் உழைக்கிறாய் என்று முகத்துக்கு நேரே எடுத்துக் காட்டியவர் அவர். தினம் ஓட்டம், கூடைப்பந்துப் பயிற்சி, இரும்புத் தூக்குதல். பிறகு சாப்பாட்டிலும் கட்டுப்பாடு வந்தது. ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, நாள்தோறும், நேரம் தவறாமல். நாம் படத்தில் பார்க்கிற அந்த முறுக்கேறிய கை அப்படி உண்டான கை. அம்மாவுக்கு நான் சொன்னது சுத்தப் பொய்.

விளைவு என்ன தெரியுமா? 1982-ல் மார்ட்டினா 90 ஆட்டங்களில் ஜெயித்து மூன்றில் மட்டும் தோற்றார். 1983-ல் 86 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 1984-ல் தொடர்ச்சியாக 74 ஆட்டங்களில் ஜெயித்தார். விம்பிள்டனில் 1982 முதல் 1987 வரை ஆறு வருஷம் வரிசையாகப் பட்டம் அவருக்குத்தான். இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 86 ஆட்டத்தில் ஜெயித்து ஒன்றில் மட்டும் தோற்பவளை என்னவென்று சொல்வது? 'வெறும் பலம், ஒருநாள் வரும், ஒருநாள் போகும்' என்றா? என் கட்சிக்கே உரியது என்று நான் உரிமை கொண்டாடிய நிதானத்தை எதிர்க்கட்சிக்காரி என் ஆளைவிடப் பெரிய அளவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

என் ஆள்? பாவம், 1982 கடைசியிலிருந்து 1984 முடியும் வரை மார்ட்டினாவிடம் 13 தடவை ஆடி 13 தடவையும் தோற்றார். பந்தைத் திருப்பித் திருப்பி அனுப்பினால் எதிரி தப்புப் பண்ணுவாள் என்ற பழைய மந்திரம் பலிக்கவில்லை. எதிரி வலையருகே வந்து நின்று, திருப்பிய பந்தைத் தரையைத் தொட விடாமலே வெட்டி எறிந்துவிடுவாள். தப்புக்குக் காத்திருக்க அவகாசமே கிடையாது. வாசித்தபோது எனக்கு எங்கள் கல்லூரி மைதானத்தின் வேப்பமர நிழலும், விர்ரென்று வந்த வளையமும் ஞாபகம் வந்தன.

ஆனால் கிரிஸ், நான் சொன்ன மாதிரி, "அவளுக்குத் தேக பலம், நான் என்ன செய்ய?" என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. இத்தனைக்கும் அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. முப்பதை நெருங்கும் வயது, எத்தனையோ பட்டங்களை வாங்கிக் குவித்தாகிவிட்டது, கௌரவமாக விலகியிருக்கலாம். அவரோ தேகாப்பியாச சாலைக்குப் போய், ஜன்மத்தில் தூக்கியிராத இரும்பைத் தூக்க ஆரம்பித்தார். சிறு வயதிலிருந்து கையோடு வளர்ந்த மரமட்டையை வைத்துவிட்டு, கிராஃபைட் மட்டைக்கு மாறினார். டென்னிஸ் ரால்ஸ்டன் என்ற பயிற்சியாளரிடம் (பெயரே டென்னிஸ், பாருங்கள்!) வலையருகே போய் ஆடக் கற்றுக்கொண்டார். கோலத்தில் கைதேர்ந்தவளை முப்பது வயதில் அம்மிக்கல்லைத் தூக்கச் சொன்னால் எப்படியிருக்கும்!

இதையெல்லாம் படித்த பிறகுதான் மறுபடி அந்த 1985-ம் வருஷத்து ஆட்டத்தைப் போட்டேன். அம்மா கீரையை முடித்துவிட்டுக் காபியோடு வந்து உட்கார்ந்தாள்.

ஆட்டத்துக்குள் போகுமுன் தரையைப் பற்றி ஒரு வார்த்தை. பாரிஸ் ஆடுகளத்தின் மேல்பரப்பு செங்கல்லைப் பொடித்துப் பரப்பியது. பந்து அதில் விழுந்ததும் தரை அதைப் பிடித்து இழுக்கிற மாதிரி வேகம் குறைந்து, உயர எழும்பும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் எதிராளிக்கு ஓடிப்போய் எடுக்க ஒரு கண நேரம் கிடைத்துவிடும். விம்பிள்டன் புல் தரை நேர்மாறு. பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் போகும். வலையருகே நிற்பவளுக்குக் கொண்டாட்டம். கிரிஸ் பாரிஸில் ஏழு தடவையும் மார்ட்டினா விம்பிள்டனில் ஒன்பது தடவையும் சாம்பியன் ஆனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆனால் அதற்கு முந்திய வருஷம், 1984-ல், கிரிஸின் சொந்த வீடு மாதிரியான அந்தச் செம்மண்ணிலேயே மார்ட்டினா அவரை 6–3, 6–1 என்று நொறுக்கியிருந்தார். ஆகவே பாரிஸ் என்பதால் கிரிஸ் ஜெயிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

முதல் செட் கிரிஸுக்கு, 6–3. இரண்டாவது செட்டும் கைக்கு வந்துவிடும் போலிருந்தது. மார்ட்டினா விடவில்லை, 7–6 என்று பிடுங்கிக்கொண்டார். மூன்றாவது செட்டில் கிரிஸ் 5–3 என்று முன்னால் போனார். அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "முடிஞ்சுதா?" என்றாள். முடியவில்லை. 5–4. 5–5. அப்புறம் கிரிஸ் சர்வீஸ் போடுகிறார். 0–15, 0–30, 0–40. டென்னிஸ் கணக்கு ஏன் பதினைந்து பதினைந்தாக ஏறுகிறது என்று இப்போது கேட்காதீர்கள். கிரிஸ் ஒரு புள்ளி விட்டால் அந்த கேம் போயிற்று, அநேகமாக ஆட்டமும் போயிற்று என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

எனக்கு முடிவு தெரியும். நாற்பது வருஷத்துக்கு முந்திய ஆட்டம். இருந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. இங்கேதான் நான் கவனித்துப் பார்த்தேன், என் ஆள் என்ன செய்கிறாள் என்று. காத்திருக்கிறாளா?

அந்த முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. ஒவ்வொரு புள்ளியாக அந்த கேமை மீட்டார். 6–5. அடுத்த கேமில் ஆட்டத்தை முடிக்கும் புள்ளி. மார்ட்டினா வழக்கம்போல வலையை நோக்கிப் பாய்ந்து வருகிறார். கிரிஸ் இரண்டு கைகளாலும் மட்டையைப் பிடித்து (கனம் தாங்காத அந்தச் சிறுமியின் அதே அடி!) பந்தைக் கோட்டை ஒட்டி நேராக விட்டார். ஜாக்கிரதையாகத் திருப்பி அனுப்பிய பந்தல்ல அது. ஒரு சாண் விலகினால் வெளியே. வேகம் கொஞ்சம் குறைந்தால் மார்ட்டினாவின் மட்டையில். பந்து மார்ட்டினாவைத் தாண்டிப் போய் உள்ளே விழுந்தது. 6–3, 6–7, 7–5.

"சபாஷ்!" என்றாள் அம்மா. டென்னிஸ் பார்த்து அம்மா சபாஷ் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. மறுநிமிஷமே, "அந்த நவரத்தினமும் சிரிச்சுண்டு தோள்ல கை போட்டுண்டு வராளே! எவ்வளவு நல்ல பொண்ணு!" என்று உருகினாள். ஐந்து நிமிஷத்துக்கு முன் கை முறுக்கைப் பார்த்துப் பயந்தவள்.

அம்மா உருகியதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டு பேரும் 1973 முதல் 1988 வரை 80 தடவை எதிரெதிரே நின்றார்கள். அதில் 60 இறுதி ஆட்டங்கள். மொத்தக் கணக்கில் மார்ட்டினாவுக்கு 43, கிரிஸுக்கு 37. பெரிய பந்தயங்களில் ஒற்றையர் பட்டம் ஆளுக்குப் பதினெட்டு. யாரோ நிறுத்துக் கொடுத்த மாதிரி! இறுதி ஆட்டம் என்றால் மற்ற பெண்கள் எல்லாம் தோற்று ஊருக்குப் போயிருப்பார்கள். உடை மாற்றும் அறையில் மிஞ்சியிருப்பது இவர்கள் இருவர்தான். ஆடி முடித்ததும் ஒருத்தி அழுவாள், இன்னொருத்தி சமாதானம் சொல்லுவாள். 1986-ல் மார்ட்டினா அமெரிக்கக் கோஷ்டியோடு பதினோரு வருஷத்துக்குப் பிறகு பிராகாவில் கால் வைத்தபோது அதே கோஷ்டியில் கிரிஸும் இருந்தார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மார்ட்டினா தம் ஊரான ஆஸ்பெனுக்குக் கிரிஸை அழைத்தார். முதல் கணவரைப் பிரியும் துயரத்திலிருந்த கிரிஸ், அங்கே ஆண்டி மில் என்ற பனிச்சறுக்கு வீரரைச் சந்தித்து, 1988-ல் மணம் புரிந்துகொண்டார். (2006-ல் அந்த மணமும் முறிந்தது என்பதை, நம் தொடர்கதை வாசகிகள் கேட்பார்களே என்று சொல்லி வைக்கிறேன்.) 2022-ல் கிரிஸும் 2023-ல் மார்ட்டினாவும் தங்களுக்குப் புற்றுநோய் வந்த செய்தியை உலகத்துக்குச் சொன்னார்கள். அந்தச் சிகிச்சைக் காலத்திலும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் என்னை விடவில்லை. கிரிஸ் 1989-ல் விலகிவிட்டார். மார்ட்டினா? 1990-ல் ஒன்பதாவது விம்பிள்டன் பட்டம். 2006-ல், ஐம்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நியூயார்க்கில் கலப்பு இரட்டையர் பட்டம். பலம் சீக்கிரம் வற்றிவிடும், நிதானம்தான் நிற்கும் என்று தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் இருந்ததல்லவா? அதைத் தாத்தாவின் படத்துக்கு முன்னால் மானசீகமாக வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி டெலிபோன் நம்பரைத் தேடிப் பிடித்து, அந்தத் திருநெல்வேலிச் சிநேகிதியைக் கூப்பிட்டேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறாள். குடும்பம், குழந்தைகள், மாமியார் முழங்கால் வலி எல்லாம் விசாரித்து முடித்த பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தேன்.

"அந்த மூணாம் வருஷ பைனல் ஞாபகம் இருக்கா?"

"மறக்குமாட்டி!"

"உனக்கு அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்தது?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "பலமா? எனக்கா? முதல் வருஷம் உங்கிட்ட மூணு மட்டம் தோத்துப் போனேனே, அது உனக்கு ஞாபகம் இல்லியா? நீ எதைப் போட்டாலும் பிடிச்சிருவே. அழுதுக்கிட்டே ரூமுக்குப் போவேன். அதுக்கு அப்புறந்தான் ஹாஸ்டல் பின்பக்கச் சுவர்ல சாக்பீஸால கோடு போட்டு, வெடியக்காலம் அஞ்சரைக்கு எந்திரிச்சு வீசிப் பழகினேன். தெனமும் இருநூறு. ரெண்டு வருஷம். சுண்ணாம்பெல்லாம் உதிருதுன்னு வார்டன் அம்மா கடலைப் பருப்பு மாதிரி வெடிப்பாங்க. நீ அப்ப வீட்டிலேர்ந்து வர்றவ, உனக்கு எங்கே தெரியும்!"

மூன்று தடவை நான் ஜெயித்தேனாம்! அது எனக்கு அடியோடு மறந்தே போயிருந்தது. தோற்றது ஒன்றை மட்டும், அதுவும் ஒரு காரணத்தோடு சேர்த்து, பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன்.

"அடுத்த மாசம் மெட்ராஸ் வாரேன். பள்ளிக்கூடத்து வளையம் ரெண்டு பையில போட்டுக் கொண்டாரேன். ஒரு ஆட்டம் போடுவோமா?" என்றாள்.

வந்தாள். எங்கள் குடியிருப்பின் பின்புறம், துணி உலர்த்துகிற கொடியை வலையாக வைத்துக்கொண்டு ஆடினோம். அம்மா பால்கனியிலிருந்து கணக்கு வைத்துக்கொண்டாள். வலது தோளில் தைலம் தடவிக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கிறேன். கணக்கு என்ன என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள்.